மணலில் பயிற்சி, புல்லில் பரீட்சை

ரேஸ் சீசனில் பெங்களூரின் ஆங்கில நாளிதழ்களைப் புரட்டினால், விளையாட்டுப் பக்கத்தின் மூலையில், பழக்கமில்லாதவர் கண்ணுக்கு டெலிபோன் டைரக்டரி போலத் தோன்றும் ஒரு பத்தி இருக்கும். ‘வெளி மணல்’ என்று ஒரு தலைப்பு. கீழே குதிரையின் பெயர், அன்று காலை அதன் மேல் உட்கார்ந்தவரின் பெயர், பிறகு 1000 மீட்டருக்கு 1-12, கடைசி 600க்கு 43 என்பது போல எண்கள். ‘சிரமமில்லாமல் ஓடியது’ என்று ஒரு சிறு வரி. அடுத்து ‘உள் மணல்’. மறுபடி எண்கள். பந்தயம் கட்டுகிறவர்கள் இந்தப் பத்தியைப் பஞ்சாங்கம் மாதிரிப் படிக்கிறார்கள். எந்தக் குதிரைக்கு நேரம் கூடி வருகிறது, எதற்கு இன்னும் வரவில்லை என்பதெல்லாம் இதில்தான் தெரியும் என்று நம்பிக்கை.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை நுணுக்கமாக மணலில் கணக்கெடுக்கப்படும் குதிரை பந்தய நாளில் மணலில் ஓடப்போவதில்லை. அது ஓடுவது புல்லில். கிணற்றில் நீச்சல் பழகியவனைக் கடலில் இறக்கிவிட்டுக் கரையில் நின்று பணம் கட்டுவது போன்ற ஏற்பாடு. பெரும்பாலான குதிரைகள் சமாளித்துவிடுகின்றன. எல்லாக் குதிரைகளும் அல்ல.

பெங்களூர் ரேஸ் கோர்ஸ் ஊருக்கு வெளியே இருக்கும் சமாசாரம் அல்ல. ஹை கிரவுண்ட்ஸ் பகுதியில், விதான சவுதாவுக்குக் கூப்பிடு தூரத்தில், சுமார் 85 ஏக்கர். எதிரே ஓடும் சாலைக்கு 2023ல் நடிகர் அம்பரீஷின் பெயர் சூட்டப்பட்டது. ஆட்டோக்காரர்களுக்கு அது இன்னமும் ரேஸ் கோர்ஸ் ரோடுதான். நூற்றுக்கணக்கான குதிரைகள் விடிவதற்கு முன்பே லாயங்களிலிருந்து வெளியே வந்து, மூச்சில் பனி பறக்க, மணல் பாதைகளில் சுற்றுகின்றன. ஏன் மணல்? புல்லால் தாங்க முடியாது என்பதுதான் காரணம். தினமும் இத்தனை குதிரைகளைப் புல்லில் விரட்டினால் ஒரே மாதத்தில் ரேஸ் மைதானம் உழுத வயலாகிவிடும். ஆகவே புல் பந்தயத்துக்கு என்று பொத்திப் பொத்திக் காக்கப்படுகிறது. தினசரி அடி உதையெல்லாம் மணலுக்கு.

குதிரையின் காலுக்கு இந்த வித்தியாசம் சாதாரண விஷயமல்ல. ஒரு பந்தயக் குதிரையின் எடை அரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு கணம் முழு உடலும் ஒரே முன்னங்காலில் நிற்கிறது. அந்தக் கணத்தில் அந்தக் காலில் இறங்கும் விசை உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதாவது, நம் மணிக்கட்டை விடச் சற்றே தடிமனான ஓர் எலும்பின் மேல் ஒரு டன்னுக்கும் அதிகமான பாரம். இதைத் தாங்குவது பாதி கால், பாதி தரை. தரை கெட்டியாக இருந்தால் அதிர்ச்சி நேராக எலும்புக்குப் போகிறது. மெத்தென்று ஆழமாக இருந்தால் குளம்பு புதைந்து, அதைப் பிடுங்கி எடுக்கிற வேலை தசைநாண்களுக்கு. வழுக்கினால் குதிரையும் ஜாக்கியும் சேர்ந்து தரையில். பின்னால் வருகிற பத்துக் குதிரைகளுக்கும் பிரேக் கிடையாது.

இந்த மூன்றையும் விட மோசமானது, ஒரே பாதையில் மூன்றும் மாறி மாறி வருவது. ரேஸ் தளங்களைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கப் பொறியாளர் மிக் பீட்டர்சன் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவதும் இதைத்தான்: தரை கெட்டியா மிருதுவா என்பதை விட, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி இருக்கிறதா என்பதே முக்கியம். கெட்டித் தரை என்று தெரிந்தால் குதிரை அதற்கேற்பக் காலை வைக்கும். அடுத்த அடியில் தரை மாறும் என்று அதற்குத் தெரியாது.

பெங்களூருக்கு வானம் கொடுத்திருக்கும் வசதியும் இதுதான், தொல்லையும் இதுதான். மும்பையில் மழை கொட்டும் மாதங்களில் ரேஸே கிடையாது. எல்லாம் புனேவுக்கு மூட்டை கட்டிவிடும். கல்கத்தாவில் மழைக்காலத்துக்கென்று தனிப் பாதை. பெங்களூரோ சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உட்கார்ந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை இங்கே பெரும்பாலும் கொட்டுவதில்லை, தூறுகிறது. ஆகவே மே மாதம் தொடங்கும் கோடை சீசன் ஜூலையைத் தாண்டியும் ஓடுகிறது. ஆனால் மே மாதத்து இடிமழையும் ஜூன் தூறலும் இரவில் ஒரு மூலையில் பெய்து மறு மூலையில் விட்டுவைத்தால், மறுநாள் மதியம் ஒரே பந்தயத்துக்குள் இரண்டு மூன்று தரைகள் இருக்கும். வளைவில் நிழல் விழும் இடம் ஒன்று, வெயில் காயும் நேர்ப்பாதை இன்னொன்று.

இதை அளப்பதற்கு ஒரு கருவி உண்டு. பெனட்ரோமீட்டர். பெயர் பெரிது, வேலை எளிது. ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஓர் இரும்புக் கம்பியின் மேல் விழவிட்டு, கம்பி தரைக்குள் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பார்ப்பது. பிரெஞ்சுக்காரர்களின் ஏற்பாடு. மைதானத்தைச் சுற்றிப் பல இடங்களில் குத்திப் பார்த்து சராசரி எடுப்பார்கள். மூன்றை ஒட்டி இருந்தால் நல்ல தரை. நான்கை நெருங்கினால் மிருது. ஐந்து என்றால் சேற்றுக்குப் பழகிய குதிரையின் நாள். இந்திய ரேஸ் பட்டியல்களில் இந்த எண் அச்சாகிறது. கூடவே, தற்காலிக வேலி எங்கிருந்து எங்கு வரை, எத்தனை மீட்டர் அகலத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கிறது என்ற குறிப்பும். உள் விளிம்பில்தான் எல்லாக் குதிரைகளும் முட்டி மோதும், அங்கேதான் புல் முதலில் சாகும். வேலியைச் சில மீட்டர் வெளியே தள்ளிவைத்தால் செத்த புல்லுக்கு உயிர் வர அவகாசம் கிடைக்கும். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் தொழிலாளர்கள் இறங்கி, குளம்பு பெயர்த்த மண்கட்டிகளைக் காலால் மிதித்து அமுக்குவதும், குழிகளை நிரப்புவதும் டி.வி.யில் காட்டப்படாத பகுதி. அடுத்த பந்தயத்தில் ஒரு ஜாக்கியின் கழுத்து தப்புவது பல சமயம் இவர்கள் புண்ணியத்தில்தான்.

சராசரி எண்ணில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. ஓரிடத்தில் இரண்டரை, மற்றோரிடத்தில் நான்கரை என்றால் சராசரி மூன்றரை. கேட்க அழகாக இருக்கும். ஆனால் மூன்றரை என்ற தரை மைதானத்தில் எங்குமே இருக்காது.

குதிரை ஓட்டத்தில் தரை மாறுவதை மறைக்காமல், அதையே ஆட்டத்தின் விதியாக்கிவிட்ட நாடு ஒன்று உண்டு. ஜப்பான். அங்கே தட்டையான ஓட்டங்களோடு, வேலிகளையும் புதர்ச் சுவர்களையும் தாண்டி ஓடும் தடை ஓட்டங்களும் நடக்கின்றன. இந்திய ரேஸ் கிளப்களின் அட்டவணையில் இந்த வகை கிடையாது. ஜப்பான் ரேஸ் கழகத்தின் பத்து மைதானங்களில், வடக்கே ஹொக்கைடோ தீவிலுள்ள இரண்டைத் தவிர மற்றவற்றில் தடை ஓட்டங்கள் நடக்கின்றன. டோக்கியோவிலும் ஹான்ஷினிலும் கியோட்டோவிலும் சில ஓட்டங்கள் புல்லில் தொடங்கி, புல்லிலேயே தடைகளைத் தாண்டி, கடைசியில் மணல் பாதைக்குள் நுழைந்து முடிகின்றன. ஆகவே முடிவுப் பட்டியலில் ஒரே ஓட்டத்துக்கு இரண்டு தரை நிலவரங்கள் அச்சாகின்றன: புல் நல்லது, மணல் ஈரம் என்பது போல. மூன்று கிலோமீட்டர் ஓடி, பத்துப் பன்னிரண்டு தடை தாண்டிக் களைத்த குதிரை, கடைசி நேரத்தில் சுமார் ஒன்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள மணலில் காலை வைக்க வேண்டும். கொடுமை என்று தோன்றும். ஆனால் அங்கே யாரும் ஏமாற்றப்படுவதில்லை. இந்த ஓட்டம் மணலில் முடியும் என்று பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் பணம் கட்டுகிறவருக்கும் முன்கூட்டியே தெரியும்.

அதன் உச்சம் டோக்கியோவை அடுத்த நகயாமா. ஏப்ரல் மாதத்தில் நடக்கும் நகயாமா கிராண்ட் ஜம்ப் 4250 மீட்டர், முழுக்கப் புல். நடுவே பள்ளத்தாக்கு போல இறங்கி ஏறும் மேடுகள். உயர வித்தியாசம் ஐந்து மீட்டருக்கு மேல். இதை கராசி என்ற ஆஸ்திரேலியக் குதிரை 2005 முதல் 2007 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றது. பிறகு வந்த ஓஜு சோசான் 2016 முதல் 2020 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்று, ஓராண்டு விட்டு, 2022ல் ஆறாவது முறையும் வென்றது. அப்போது அதற்கு வயது 11. ரேஸ் குதிரைகளில் பல நான்கைந்து வயதிலேயே கால் கெட்டு ஓய்வு பெறுகின்றன. 11 வயதில் நான்கு கிலோமீட்டர் தடை ஓட்டத்தை வென்ற குதிரையின் கால்களைப் பற்றிப் பேசும்போது, அவற்றுக்குக் கீழே கிடந்த தரையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அந்தத் தரைக்கு ஜப்பானியர்கள் செய்யும் சேவை நம் கோயில் அர்ச்சகர்களுக்கே பாடம். அடித்தளமாக நோஷிபா என்ற உள்நாட்டுப் புல். நம் ஊர் நர்சரிகளில் ‘கொரியன் புல்’ என்று விற்கிறார்களே, அதன் சொந்தக்காரப் புல். குளிர்காலத்தில் அது பழுத்துப் போவதால், மேலே வேறு ஒரு குளிர்நாட்டுப் புல்லை விதைக்கிறார்கள். (வெப்ப நாடுகளின் ஆட்டக்களங்களில் இந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்திருப்பது பெர்முடா புல், அதாவது பிள்ளையாருக்குச் சாற்றும் அருகம்புல்லின் வம்சம். மிதித்தால் சாகாது, வெட்டினால் படரும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.) ரிட்டோ பயிற்சி மையத்தில் 1985ல் ஓர் ஏற்றப் பாதை போட்டார்கள்; அங்கே குதிரைகள் மரச்சில்லுகள் பரப்பிய சரிவில் ஏறிப் பழகுகின்றன. 2020 செப்டம்பரிலிருந்து, புல்தரையின் மேல் இரண்டேகால் கிலோ எடையை விழவைத்து அதன் அதிர்ச்சி தாங்கும் திறனை அளந்து, பந்தய வாரத்தில் எண்ணாக வெளியிடுகிறார்கள். எட்டிலிருந்து பத்து வரை இயல்பு. பன்னிரண்டைத் தாண்டினால் கெட்டி. மணல் பாதைக்கு ஈரப்பதத்தின் சதவீதம் தனியாக.

பெங்களூரின் குதிரைக்காரர் ஒருவர் ஜப்பானியத் தரையை நேரில் சோதித்தும் பார்த்திருக்கிறார். ரேஸில் அல்ல, ஒலிம்பிக்கில். பெங்களூரின் எம்பஸி குதிரையேற்றப் பள்ளியில் உருவான ஃபவாத் மிர்சா, 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளிப் பதக்கங்களை வென்றவர். 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் செனியர் மெடிகாட் என்ற குதிரையில் ஏறி, மூன்று நாள் போட்டியின் கடைசிக் கட்டமான தடை தாண்டுதலின் இறுதிச் சுற்று வரை சென்று 23வது இடம் பெற்றார். 2000ல் சிட்னிக்குப் போன இம்தியாஸ் அனீஸுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்தியக் குதிரை வீரர் அவர்தான்.

அந்தப் போட்டியில் ஒரே குதிரை இரண்டு வெவ்வேறு தரைகளைச் சந்திக்க வேண்டியிருந்தது. ஒழுங்கு நடைக்கும் தடை தாண்டுதலுக்கும் பாஜி கோயன் பூங்காவில் சீராகப் பரப்பிய மணல் களம். நடுவே உள்ள நெடும்பாதைக்கு, டோக்கியோ விரிகுடாவில் குப்பை கொட்டி நிரப்பிய தீவின் மேல் புல் வளர்த்த பாதை. அந்தப் புல் பாதையின் கடைசி ஏற்றத்தில்தான் சுவிட்சர்லாந்தின் ஜெட் செட் என்ற குதிரைக்கு வலது காலில், குளம்புக்குச் சற்று மேலே, மூட்டுப் பிணைப்பு கிழிந்தது. காப்பாற்ற வழியில்லாமல் அன்றே கருணைக் கொலை செய்தார்கள். கோடிக்கணக்கில் செலவிட்டு, உலகத்தின் மிகச் சிறந்த நிபுணர்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட தரை. ஆபத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

மழைக்கும் வெயிலுக்கும் அசையாத செயற்கைத் தளம் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மணலோடு நாரும் ரப்பர்த் துணுக்கும் கலந்து, மெழுகு பூசிய கலவை. இங்கிலாந்தில் லிங்ஃபீல்டில் 2001லிருந்து இதன் மேல் ஓடுகிறார்கள். கலிபோர்னியாவில் பெரிய மைதானங்கள் எல்லாம் செயற்கைத் தளத்துக்கு மாற வேண்டும் என்று 2006ல் உத்தரவே போட்டார்கள். துபாயின் மேய்தான் 2010ல் இதோடுதான் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் 2009 முதல் திரட்டப்படும் கணக்குகள் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: குதிரைகள் காலொடிந்து சாவது மண் பாதையை விடச் செயற்கைத் தளத்தில் குறைவு. அப்படியிருந்தும் பலர் பழைய மண்ணுக்கே திரும்பினார்கள். கலிபோர்னியாவின் சான்டா அனிடா 2010 இறுதியில், கென்டக்கியின் கீன்லேண்டும் மேய்தானும் 2014ல். வடிகால் பிரச்னை ஒரு காரணம். மெழுகு வெயிலில் இளகுவது இன்னொன்று. மண்ணில் பளிச்சென்று ஓடிய குதிரைகள் இதில் சோபிக்கவில்லை என்பதால் உரிமையாளர்களின் முணுமுணுப்பு மூன்றாவது. மண்ணுக்குத் திரும்பிய சான்டா அனிடாவில் 2018 டிசம்பர் இறுதிக்கும் 2019 மார்ச் தொடக்கத்துக்கும் இடையே, பெருமழைக்குப் பின், இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்து, மைதானத்தையே மூட வேண்டி வந்தது. முணுமுணுத்தவர்கள் அப்போது என்ன சொன்னார்களோ.

பெங்களூருக்கு எது ஏற்றது? பந்தயத்துக்குப் புல்லே இருக்கட்டும். குதிரை வாழ்நாளில் மிகுதியான கிலோமீட்டர்களை ஓடித் தீர்க்கும் பயிற்சிப் பாதைகளில்தான் பணத்தைப் போட வேண்டும் என்பது அறிவுக்குப் பொருந்தும் யோசனை. ஆனால் பணத்தைக் கொண்டுவந்து எந்த நிலத்தில் கொட்டுவது?

ஹை கிரவுண்ட்ஸ் நிலம் அரசுக்குச் சொந்தம். குத்தகை 2009 இறுதியோடு முடிந்தது. ரேஸ் கோர்ஸை நகருக்கு வெளியே, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் உள்ள சிக்கஜாலாவுக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு நடந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போயிற்று. 2024 ஜூனில் கர்நாடக அரசு ரேஸ் நடத்த உரிமம் மறுத்தது. உயர் நீதிமன்றத்தில் ஒற்றை நீதிபதி அனுமதி தர, டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தி வைத்தது. ரேஸ் உண்டோ இல்லையோ, குதிரையைத் தினமும் காலையில் ஓட்டியாக வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று குதிரைக்கு யார் சொல்வது?

மற்ற ஊர்களின் கதை இதை விட வேகமாக முடிந்தது. 2024ல் தமிழக அரசு, குத்தகை பாக்கியைக் காரணம் காட்டி, ஊட்டி ரேஸ் கோர்ஸின் 52 ஏக்கரை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கருக்கான 1945ஆம் ஆண்டுக் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. ரேஸ் வெறும் சூதாட்டமல்ல, திறமை சார்ந்தது என்று 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்தச் சென்னை கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில்தான். நூற்றுக்கணக்கான கிளாசிக் பந்தயங்களை வென்ற செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரைகள் பாய்ந்த இடம், பூங்காவுக்கும் வெள்ளநீர் தேக்கும் குளங்களுக்கும் என்று ஆனது. மும்பை மஹாலக்ஷ்மியில் 211 ஏக்கரில் 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கு என்று 2024ல் ஒப்பந்தமானது. நெரிசலில் திணறும் நகரங்களுக்குப் பூங்கா வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எப்போது வெளியேற்றப்படுவோம் என்று தெரியாத குத்தகைதாரர் வீட்டுக்குப் புது மொசைக் போடுவதில்லை. ரேஸ் கிளப்பும் அப்படித்தான்.

நிலத்துக்கும் கோர்ட்டுக்கும் காத்திராமல் செய்யக்கூடியவை சில இருக்கின்றன, செலவும் அதிகமில்லை. சராசரி எண்ணோடு நிறுத்தாமல், எந்த வளைவில் எத்தனை, எந்த நேர்ப்பாதையில் எத்தனை என்று பெனட்ரோமீட்டர் அளவுகளை இடவாரியாக அச்சடிக்கலாம். பயிற்சி மணலின் ஆழத்தையும் ஈரத்தையும் தினமும் குறித்து வைக்கலாம். எந்தக் குதிரை எந்தத் தரையில், மணலிலா புல்லிலா, எத்தனையாவது மீட்டரில் கால் நொண்டியது என்று ஒரு பேரேடு போடலாம். காலை 1000 மீட்டரை 1-12ல் ஓடியதை ஊருக்கெல்லாம் சொல்கிற பத்தியில், மறுநாள் அதே குதிரை லாயத்தை விட்டு வெளியே வராமல் போனதற்கும் ஒரு வரி இடம் இருக்கும். பணம் கட்டுகிறவர்களே அதை முதலில் படிப்பார்கள்.